கவனக்குறைவு எனப்பட்ட செவிக்குறை: திருப்பூர்ச் சிறுவன் ஒருவனும் அவனுடைய தன்னார்வ வழிகாட்டியும்

பின்னணி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வாழும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு, வாரம் ஒருமுறை நேரம் ஒதுக்கக்கூடிய பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்துவைக்கும் சிறிய தன்னார்வக் குழுவில் நான் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். 2023 ஜூன் முதல் 2024 ஜூன் வரை நீடித்த ஓர் இணைப்பை இங்கே பதிவு செய்கிறேன். பெற்றோரும் வழிகாட்டியும் வகுப்பாசிரியையும் ஒப்புக்கொண்ட பிறகே இது எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. பையன் பெரியவனான பிறகு படித்தாலும் கூச்சப்படும்படி எதுவும் இருக்கக் கூடாது என்று தாய் கேட்டுக்கொண்டதால், வீட்டுக்குள் நடந்த சில நிகழ்வுகளை விட்டுவிட்டேன்.

ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற இம்முறை நாங்கள் கண்டுபிடித்ததன்று. 1904இல் நியூயார்க்கில் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்த சிறுவர்களுக்குத் துணையாக ஆளுக்கொரு பெரியவரைத் தேடிப்பிடித்த முயற்சியிலிருந்து வளர்ந்த 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு இதில் முன்னோடி. அந்த அமைப்பின் இணைப்புகளை ஆராய்ந்து ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளே கூடுதல் பயன் தந்தன என்றும், மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது என்றும் காட்டியது. அந்த ஆய்விலிருந்தவர்கள் எங்கள் குழந்தைகளைவிட மூத்தவர்கள். ஊரும் வாழ்நிலையும் வேறு. ஆயினும் ஓராண்டுக்கு உறுதி தர இயலாதவரைச் சேர்ப்பதில்லை என்ற எங்கள் விதி அதிலிருந்தே வந்தது.

மற்ற விதிகளும் சிலவே. சந்திப்பு எப்போதும் பிறர் கண்ணில் படும் பொது இடத்தில் நடக்க வேண்டும். குழந்தையை வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது. பரிசோ பணமோ தரக் கூடாது. படம் எடுத்துப் பகிரக் கூடாது. குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாகவோ நேரக்கூடும் என்றோ தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கடமை என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், சேரும் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லப்படும். இவற்றோடு, ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் ஒரு தாளில் 'கண்டது' என்றும் 'நினைத்தது' என்றும் இரு பத்திகளாகக் குறிப்பெழுத வேண்டும். பல வழிகாட்டிகள் இந்தத் தாளை வெறும் சடங்காகவே நிரப்புவார்கள். இந்த நிகழ்வில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது அதுதான்.

சிறுவனும் குடும்பமும்

சிறுவனுக்கு அப்போது எட்டு வயது. மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. வரிசையாக அறைகளும் பொதுக் கழிப்பறையும் உள்ள லைன் வீட்டில் ஓர் அறை. தாய் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். ஆர்டர் நெருக்கும் காலங்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். தந்தை ஏற்றுமதிச் சரக்கை தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் கண்டெய்னர் லாரியின் ஓட்டுநர். வாரத்தில் பல இரவுகள் வீட்டில் இருக்க மாட்டார். பையனைப் பார்த்துக்கொள்வது அப்பத்தா.

பள்ளி எங்களிடம் கூறிய காரணம் இதுதான்: பையன் வகுப்பில் கவனிப்பதில்லை, கேட்ட கேள்விக்கு வேறு ஏதோ பதில் சொல்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, அருகில் இருப்பவனைக் காரணமில்லாமல் அடித்துவிடுகிறான். மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். இவன் தமிழில் இன்னும் முதல் நிலையான அரும்பிலேயே இருந்தான். கணக்கில் அவ்வளவு பின்தங்கவில்லை. தமிழுக்கும் கணக்குக்கும் இருந்த இந்த இடைவெளியை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தாததற்குக் காரணம் இருந்தது. இவன் வயதுப் பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போக வேண்டிய காலம் கொரோனா ஊரடங்கில் கழிந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. ஜனவரியில் மீண்டும் சில வாரம் மூடப்பட்டது. ஆகவே எந்தப் பிள்ளை பின்தங்கினாலும் கொரோனா இடைவெளி என்ற விளக்கம் எல்லோரிடமும் ஆயத்தமாக இருந்தது. அது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்மையும்கூட. உண்மையான விளக்கம் ஒன்று கையில் இருக்கும்போது இரண்டாவது காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

வழிகாட்டி முப்பதை எட்டிய ஆண். ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். குழந்தைகளோடு வேலை செய்த பயிற்சி ஏதும் அவருக்கு இல்லை. அதிகம் பேசாதவர், சொன்ன நேரத்துக்கு வருபவர் என்பதே அவரை இந்தப் பையனுக்குத் தேர்ந்தெடுத்த காரணம்.

முதல் வாரங்களில் எடுத்த முடிவு

வாசிப்பைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று வகுப்பாசிரியை முதலிலேயே கேட்டார். அவருடைய கோரிக்கையில் தவறில்லை. பல நிலைகளில் உள்ள பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் ஆசிரியைக்குக் கிடைக்கும் எந்த உதவியும் பெரிதுதான். ஆயினும் முதல் இரண்டு மாதங்களுக்குப் பாடம் நடத்துவதில்லை என்று முடிவு செய்தோம். தெருவிலேயே, ஊரடங்கில் விட்டுப்போன பாடங்களைத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்று மாலையில் நடந்தது. பையன் அதில் சில நாள் போய்விட்டு நின்றிருந்தான். ஏற்கெனவே இரண்டு இடங்களில் தோற்றவனாக உணரும் குழந்தைக்கு மூன்றாவதாக ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால், வழிகாட்டியையும் அவன் அதே வரிசையில் வைத்துவிடுவான் என்று கருதினோம். சொல்லிக்கொடுக்கும் ஒருவர் பதிலைத்தான் கவனிப்பார், பிள்ளையைக் கவனிக்க நேரம் இராது என்பதும் என் எண்ணம்.

எனவே ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஒன்றரை மணி நேரம், பள்ளித் திடலிலும் லைன் வீட்டு வாசலிலும், கேரம், ரப்பர் பந்து, பழைய நாட்காட்டித் தாள்களில் படம் வரைதல் என்று போனது. பையன் கேரத்தில் கெட்டிக்காரன். எட்டு வயதுப் பிள்ளை கோணம் பார்த்து அடிப்பதைக் கண்டு வழிகாட்டி வியந்ததாகத் தாளில் எழுதியிருக்கிறார். 'நினைத்தது' என்ற பத்தியில், 'இவன் கவனம் இல்லாதவன் இல்லை' என்ற ஒரே வரி உள்ளது.

தந்தையின் எதிர்ப்பு

ஆகஸ்ட் நடுவில் தந்தை வழிகாட்டியை வாசலில் வைத்தே தடுத்தார். தான் ஊரில் இல்லாத நாட்களில், முன்பின் தெரியாத ஆண் ஒருவர் தன் வீட்டு வாசலில் வந்து உட்காருவது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. சேர்க்கைப் படிவத்தில் தாயின் கையெழுத்து இருந்தது; தந்தைக்குத் தாய் தொலைபேசியில் சொல்லியும் இருந்தார். ஆனால் குழுவிலிருந்து யாரும் தந்தையை நேரில் பார்த்திருக்கவில்லை. லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரர்கள் பேசியதும் அவர் காதுக்குப் போயிருந்தது.

அன்றே சந்திப்புகளை நிறுத்தினோம். வழிகாட்டிக்கு இது வருத்தம். தான் சந்தேகிக்கப்படுவதாக உணர்ந்தார். தந்தை கேட்டது நியாயமானது, பிள்ளையைப் பற்றி இப்படிக் கேட்கும் தந்தை இருப்பது நல்லது என்பதே குழுவின் பார்வை. அவர் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு ஞாயிறன்று, நானும் மூத்த உறுப்பினர் ஒருவரும் போய்ப் பேசினோம். வழிகாட்டியின் ஆதார் நகலையும் அலுவலக முகவரியையும் கேட்டார், கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து அவரே கூப்பிட்டு, வீட்டு வாசல் வேண்டாம், கிளை நூலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா கூட்டிவந்து விட்டுக் கூட்டிப்போகும் என்றார்.

இந்த மாற்றம் எதிர்பாராத வகையில் பயன்பட்டது. திடலிலும் வாசலிலும் விளையாட்டுதான், பேச்சு குறைவு. நூலகத்தில் தாழ்ந்த குரலில் பேச வேண்டியிருந்தது. பையனின் சிக்கல் வெளிப்பட்டது அங்கேதான்.

கவனித்தவை

செப்டம்பர், அக்டோபர் மாதத் தாள்களில் 'கண்டது' பத்தியிலிருந்து சிலவற்றைத் தொகுத்துத் தருகிறேன். பையன் எப்போதும் வழிகாட்டியின் வலப்பக்கமே உட்காருகிறான். இடப்பக்கம் உட்காரவைத்தால் சிறிது நேரத்தில் எழுந்து மாறிவிடுகிறான். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறான். 'குடை' என்று சொன்னால் 'கடை' படத்தைக் காட்டுகிறான். தலை குனிந்து வரைந்துகொண்டிருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசைவதில்லை. மேசையைத் தட்டினால் உடனே நிமிர்கிறான். நூலகத்தில் அடக்கிப் பேசச் சொன்னாலும் அவன் குரல் உரக்கவே வருகிறது. சட்டைப் பையில் பஞ்சு வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, அப்பத்தா கொடுத்தது என்றான்.

தீர்மானமாக ஐயம் எழுந்தது அக்டோபர் நடுவில். சளி பிடித்திருந்ததால் வழிகாட்டி அன்று முகக்கவசம் அணிந்து வந்தார். வழக்கமாகக் கதைப் படங்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வார்கள். அன்று பையன் எதற்கும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது நான்காவது முறை கேட்டபோது புத்தகத்தைத் தள்ளிவிட்டு, 'அண்ணா என்கூடப் பேச மாட்டேங்குறீங்க' என்று கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். வழிகாட்டி வெளியே சென்று கவசத்தை இறக்கிப் பேசியதும் சமாதானமானான். 'நினைத்தது' பத்தியில் அன்று இருப்பது: 'காது கேட்கவில்லையோ?'

கேள்வி எழுந்த பிறகு பழைய தாள்களைத் திரும்பப் படித்தோம். அடித்துவிடுகிறான் என்ற புகாருக்கும் ஒரு வேறு விளக்கம் தென்பட்டது: பின்னாலிருந்து யாராவது தொடும்போதுதான் அடித்திருக்கிறான், அவர்கள் வந்தது அவனுக்குக் கேட்டிருக்காது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து குரலெழுப்பிப் படிக்கும்போது இவன் உதட்டை மட்டும் அசைத்து ஒப்பேற்றி வந்தான். கணக்கில் பெரிதாகப் பின்தங்காததும் இதனால்தான். எண் கரும்பலகையில் இருக்கிறது, எழுத்தின் ஒலியோ காதால்தான் வர வேண்டும்.

யார் அழைத்துச் செல்வது

வழிகாட்டி அன்று இரவே என்னைக் கூப்பிட்டு, மறுநாள் விடுப்பு எடுத்துத் தனியார் காது மருத்துவரிடம் தன் செலவிலேயே காட்டிவிடலாம் என்றார். குழுவில் இருவர் அவர் பக்கம். நான் ஒப்பவில்லை. இந்த நிகழ்வில் அதிகம் விவாதிக்கப்பட்ட முடிவு இது என்பதால் இரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் வாதம் எளிது: பிள்ளையின் காது காத்திருக்காது, தாய்க்கு விடுப்பு கிடைப்பது கடினம், பணம் ஒரு பொருட்டன்று. என் வாதம் வேறு. சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவர்கள் பெற்றோர். காதுச் சிகிச்சை ஒரே வருகையில் முடியாது. மாதக்கணக்கில் சொட்டு மருந்து, காதில் நீர் படாமல் பார்த்தல், மறு பரிசோதனை என்று நீளும். அதையெல்லாம் வீட்டில் செய்யப்போவது தாயும் அப்பத்தாவும். முதல் வருகையில் மருத்துவர் சொல்வதை அவர்கள் நேரில் கேட்காவிட்டால், பின்னர் வழிகாட்டி சொல்வது வெளியாள் உபதேசமாகவே இருக்கும். தந்தையோடு சரிசெய்த நம்பிக்கையும் அப்போதுதான் ஒட்டியிருந்தது.

முடிவெடுக்குமுன் எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம், தள்ளிப்போட்டால் என்ன ஆபத்து என்று கேட்டோம். காதிலிருந்து சீழ் வருவதோடு காய்ச்சல், கடுந்தலைவலி, வாந்தி, தலைசுற்றல், காதின் பின்புற வீக்கம், முகம் ஒருபக்கம் இழுத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், எதுவும் இல்லையெனில் சில வாரங்கள் பொறுக்கலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது என்றார். இந்த அறிகுறிகளைத் தாயிடம் எழுதிக் கொடுத்தோம். தலைமையாசிரியையும் தாயைக் கூப்பிட்டுப் பேசினார். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் மருத்துவக் குழு அந்த ஆண்டு ஏற்கெனவே வந்துபோயிருந்தது. அந்நாளில் பையன் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தாய் மறுக்கவில்லை, நாளைத்தான் தள்ளினார். 2023 நவம்பர் 12 தீபாவளி. திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விடுப்பு கேட்பதும் போனஸை விட்டுக்கொடுப்பதும் ஏறத்தாழ ஒன்றே. போனஸ் வாங்கி, ஊருக்குப் போய்வந்து, மூன்றாவது வாரத்தில் அரசு மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்னார், சொன்னபடி போனார். ஒரு மாதத்துக்கு மேல் தாமதம். வழிகாட்டி அந்த வாரங்களில் என்னோடு சற்று முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தது, தாள்களிலிருந்து 'கண்டது' பத்தியை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தாயிடம் கொடுத்தது. எந்தப் பக்கம் உட்காருகிறான், எப்போது திரும்புகிறான், எந்தச் சொற்கள் மாறுகின்றன, பஞ்சு எப்போதிருந்து என்பவை. தன் ஊகம் எதையும் அதில் சேர்க்கவில்லை. ஓபி சீட்டோடு தாய் அதையும் நீட்டினார். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, வலது காதை முதலில் பார்க்கிறேன் என்றாராம்.

மருத்துவர் கண்டதும் வீட்டில் மாறியதும்

வலது காதின் செவிப்பறையில் ஓட்டை. நீண்ட நாளாகச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. இடது காதில் ஓட்டை இல்லை, ஆனால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. கேட்கும் திறன் வலப்பக்கம் நடுத்தர அளவிலும் இடப்பக்கம் சிறிதளவும் குறைந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசினால் இத்தகைய பிள்ளைக்குக் கேட்கும். தூரத்திலிருந்தோ இரைச்சலிலோ வரும் பேச்சு தேய்ந்துவிடும். கேட்கிறது, ஆனால் முழுதாகக் கேட்பதில்லை என்ற இந்த நடுநிலைதான் பார்ப்பவர்களை ஏமாற்றுகிறது; முற்றிலும் கேளாத பிள்ளையைக் குடும்பமே கண்டுகொள்ளும். குழந்தைகளின் செவிக்குறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; காதில் சீழ் வருவதைக் கவனிக்காமல் விடுவது அவற்றுள் ஒன்று.

காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். காதுக்குள் நீர் போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் விடவே கூடாது. கடைசியில் சொன்னதுதான் வீட்டில் கடினமாயிற்று. காது வலி என்று பையன் அழும்போதெல்லாம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் விடுவது அப்பத்தாவின் வழக்கம். தன் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அதைத்தான் செய்தார். ஓட்டை விழுந்த செவிப்பறை வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் போகும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இதை வழிகாட்டி அப்பத்தாவிடம் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றோம். பேரனை வளர்க்கும் மூதாட்டியிடம், உங்களால்தான் காது கெட்டது என்று பொருள்படும் எதையும் முப்பது வயது வெளியாள் சொல்லக் கூடாது. அடுத்த மறு பரிசோதனைக்குத் தாய் அவரையும் அழைத்துப் போனார். அங்கிருந்த செவிலியர் செவிப்பறை படத்தைக் காட்டி, 'பாட்டி, தலைக்கு எண்ணெய் வையுங்க, காதுக்கு மட்டும் பஞ்சு' என்றார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நிற்கவில்லை. பஞ்சு வைப்பது அப்பத்தாவின் பொறுப்பாயிற்று. அதன் பிறகு யாராவது பஞ்சு இல்லாமல் தண்ணீர் ஊற்றினால் சத்தம் போட்டவர் அவர்தான்.

வகுப்பறை

பள்ளியில் மாற்றம் விரைவாக வந்தது. பிள்ளைகள் குழுவாகத் தரையில் வட்டமாக உட்காரும் வகுப்பு என்பதால் முதல் பெஞ்ச் என்ற ஏற்பாடு பொருந்தாது. ஆசிரியை தனக்கு நேர் எதிரே அவனை உட்காரவைத்தார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதைக் குறைத்தார். சாலைப் பக்கத்து ஜன்னலிலிருந்து குழுவை உள்ளே நகர்த்தினார். பையனிடம் தனியாகக் கேள்வி கேட்கும்போது முதலில் தோளைத் தொடுவார். இதற்காக எந்த ஆணையும் செலவும் தேவைப்படவில்லை. இவனுக்காகச் செய்தது பின்வரிசையில் இருந்த இன்னும் சிலருக்கும் உதவியது என்று அவர் பின்னர் கூறினார்.

இந்தக் கட்டத்தில்தான் வழிகாட்டி வாசிப்பைத் தொட்டார். ஒலி மயங்கும் சொற்களை எதிரெதிரே உட்கார்ந்து, படத்தோடு, வாயசைவு தெரியும்படி சொல்லிப் பழகினார்கள். பாடப்புத்தகத்தை எடுக்கவில்லை, கேரம் விதிகளைப் பையன் சொல்ல, வழிகாட்டி எழுத, பையன் வாசிக்க என்று போனது.

பொங்கலுக்குப் பின்

2024 பொங்கலுக்குக் குடும்பம் ஊருக்குப் போனது. வாய்க்காலில் பிள்ளைகளெல்லாம் குதிக்க, இவனும் குதித்தான். திரும்பி வந்தபோது வலது காதில் மீண்டும் சீழ். தாய் சோர்ந்துபோனார், தந்தை பையனை அடிக்கப் போய்விட்டார். பையன் அடுத்த ஞாயிறு நூலகத்தில் இதை வழிகாட்டியிடம் சொல்லவில்லை. பஞ்சைப் பார்த்து வழிகாட்டி கேட்டபோதும் பேச்சை மாற்றினான். வற்புறுத்தாமல் விட்டது சரியென்றே நினைக்கிறேன். வீட்டில் திட்டு வாங்கிய விஷயத்தை அங்கும் விசாரிக்கத் தொடங்கினால், அவனுக்கென்று இருந்த ஒன்றரை மணி நேரமும் போயிருக்கும். மருந்து மீண்டும் தொடங்கியது. பிப்ரவரி இறுதியில் காது காய்ந்தது. இடது காதில் நீர் வற்றிவிட்டதாக அதே சமயத்துச் சோதனையில் தெரியவந்தது.

விடைபெறுதல்

மார்ச் இறுதியில் வழிகாட்டிக்குப் பெங்களூரில் வேறு வேலை கிடைத்தது; ஜூனில் சேர வேண்டும். ஓராண்டு உறுதி அப்போது நிறைவுறும் என்பதால் விதிப்படி தவறில்லை. ஆனாலும் விதியைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன? எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. கடைசி வாரத்தில் சொன்னால் அழுகை ஒரு நாளோடு முடியும் என்று ஒருவர் சொன்னார். பெரியவர்களுக்கு வசதியான வழி அது. ஏப்ரலில், பெற்றோரிடம் முதலில் சொல்லி, அவர்கள் முன்னிலையிலேயே பையனிடம் சொல்வது என்று முடிவாயிற்று. நாட்காட்டியில் கடைசி ஞாயிற்றை அவனே வட்டமிட்டான். அடுத்த இரு சந்திப்புகளுக்கு அவன் வரவில்லை. வழிகாட்டி நூலகத்தில் வழக்கமான நேரம் முழுவதும் காத்திருந்து திரும்பினார். தாய் மூலம் அது பையனுக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் வந்தான்.

மாற்று வழிகாட்டி உடனே வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஆள் இருந்தார். ஆனால் அந்த மாதங்களில் ஒரு மாற்றம் நடந்திருந்தது: தந்தை ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் தாய்க்குப் பதிலாகத் தானே பையனை நூலகத்துக்கு அழைத்து வரத் தொடங்கியிருந்தார்; முதலில் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றவர், பின்னர் உள்ளே வந்து செய்தித்தாள் படித்தார், ஏப்ரலில் கேரத்தில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தார். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் தந்தை மீண்டும் வாசலுக்குப் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. ஆகவே புதிய இணைப்பு செய்யவில்லை. டிசம்பர் வரை மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில், தந்தையின் தொலைபேசி வழியாக மட்டும், வழிகாட்டி பேசலாம் என்று வைத்துக்கொண்டோம். கடைசி நாளில் பரிசு எதுவும் தரப்படவில்லை. பையன் வரைந்த கேரம் பலகைப் படத்தை வழிகாட்டி கேட்டு வாங்கிப் போனார். அதற்கு எங்கள் விதியில் தடையில்லை.

இப்போதைய நிலை

பையன் 2024 ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போனான். தமிழில் மொட்டு நிலை, கணக்கில் மலர். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. ஒலிகளைச் சரியாகக் கேட்காமல் போன ஆண்டுகளை ஒரு சொட்டு மருந்து திருப்பித் தந்துவிடாது. அடிதடிப் புகார் குறைந்தது, நிற்கவில்லை. ஒருமுறை கேரத்தில் தோற்றதற்காகவே ஒருவனை அடித்திருக்கிறான்; இதற்குக் காதைக் காரணம் சொல்ல முடியாது. வலது செவிப்பறை ஓட்டை தானாக மூடவில்லை. காது தொடர்ந்து காய்ந்திருந்தால் செவிப்பறையைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தந்தை ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் நூலகம் தொடர்கிறது. இல்லாத ஞாயிறுகளில் பெரும்பாலும் இல்லை.

இனி மாறுபவை

சேர்க்கைக்கு முன் பெற்றோர் இருவரையும், வேலை காரணமாக வெளியூரில் இருப்பவரையும்கூட, குழுவிலிருந்து ஒருவர் நேரில் சந்தித்தாக வேண்டும் என்று விதியைத் திருத்தியுள்ளோம். இதனால் சில இணைப்புகள் ஒரு மாதம் வரை தாமதமாகின்றன, அதை ஏற்றுக்கொண்டோம். கவனமில்லை, பின்தங்குகிறான், அடம்பிடிக்கிறாள் என்ற காரணங்களோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கண்ணும் காதும் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன, மருத்துவக் குழு பள்ளிக்கு வந்த நாளில் பிள்ளை வந்திருந்ததா என்ற கேள்விகள் படிவத்தில் சேர்ந்துள்ளன. வரவில்லையென்றால், அடுத்த ஆண்டு வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பும்படி தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்கிறோம்.

முதல் இரண்டு மாதங்களுக்குப் பாடம் இல்லை என்ற முடிவை விதியாக்கலாமா என்பதில் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையின் இரண்டு மாதத்தை விளையாட்டில் கழிக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வது என்ற விவாதமும் முடியவில்லை. தாய்க்கு ஒருநாள் கூலியை ஈடுகட்டி, விடுப்புக்காகக் கம்பெனி மேற்பார்வையாளரிடம் குழு எழுத்தில் கேட்டிருந்தால் தாமதம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பது அந்த வழிகாட்டியின் கருத்து. கூலியை ஈடுகட்டுவதற்கு இப்போது சிறு தொகை ஒதுக்கியிருக்கிறோம். மேற்பார்வையாளருக்கு எழுதுவது தாயின் வேலைக்கே கேடாகுமோ என்ற அச்சத்தால் அதை அந்தந்தத் தாயின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறோம். இதுவரை இருவர் கூலித் தொகையைப் பெற்றுக்கொண்டார்கள். கடிதத்தை யாரும் கேட்கவில்லை.